பெட்டி பிரிக்காத கிட்டார்

நேற்று மதியம் பேருந்துக்கு நேரம் இருந்ததால் நம் இசைக்கருவிக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். இப்போது அங்கே விற்பனைக்கு நிற்கிற நீங்கள் மூன்று பேரும் எழுந்து நாற்காலி போட்டீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் என் கண் முன்னாலேயே ஒரு கிட்டாரை விற்றீர்கள் பாருங்கள், அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு கல்லூரிப் பெண், கூடவே அவள் அப்பா. அவர் "சீல் ஒடைக்காத பீஸ் குடுங்க" என்றார். நீங்கள் மேலேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டி, பில் போட்டு, அப்படியே கையில் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். உள்ளே இருப்பது கிட்டாரா விறகா என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். ஓய்வு பெற்றவள் கடைக்கு வந்து சண்டை போட்டாள் என்று பேராகிவிடும் என அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இந்தக் கடையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பிரிக்காத பீஸ் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பட்டவர்கள். கண்ணாடிக்குள் நாலு வருஷம் வெயில் குடித்த சாமானைத் துடைத்து, புதுசு என்று தலையில் கட்டுகிற கடைகள் நம் ஊரிலும் உண்டு. மிக்சியானாலும் மின்விசிறியானாலும் ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தால்தான் நம் ஜனங்களுக்கு நம்பிக்கை. அதில் தப்பில்லை. ஆனால் கிட்டார் ஒன்றும் பிரஷர் குக்கர் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்ததும் அடுப்பில் ஏற்றுவதற்கு. எங்கோ வடக்கே செய்து, லாரியில் மழையும் வெயிலும் பட்டு, நம் ஊர் வெக்கைக்கு வந்து சேர்கிற மரம் அது. கழுத்து வளையும். கம்பி தூக்கிக்கொள்ளும். அதைப் பிரித்துப் பார்த்து, கம்பியை இறக்கி, கழுத்தில் விரல் வைக்கிற கட்டங்களை வருடி, வாசிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். பெட்டியை மட்டும் இறக்கிக் கொடுக்க ஓர் ஏணி போதுமே!

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் கிட்டார் வாங்குகிறவருக்குக் கடையே எழுந்து நிற்கும். கம்பி மாற்றித் தருவோம், கம்பி தாழ்ந்து நிற்க அரம் பிடித்துத் தருவோம், "எப்படி இருக்கு சார்?" என்று இரண்டு தடவை கேட்போம். அவர் பத்து வருஷமாக வாசிக்கிறவர். மோசமான கிட்டாரைக் கொடுத்தாலும் அவர் சமாளித்துவிடுவார், இல்லையென்றால் நம்மைத் திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நாலாயிரம் ரூபாய்க்கு முதல்முறையாக வாங்குகிறவளுக்குத் திட்டத் தெரியாது. வலித்தால் தன் விரலைத்தான் குறை சொல்வாள். யாருக்கு நம் கை அதிகம் வேண்டுமோ அவளைத்தான் நாம் வெறும் பெட்டியோடு அனுப்புகிறோம். எனக்கு வயிறு எரிவது இதனால்தான்.

விலை குறைவாக இருப்பது கிட்டாரின் குற்றம் இல்லை. நாலாயிரத்துக்கும் நல்ல கிட்டார் உண்டு, நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே மாதிரியில் மூன்றைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் கழுத்தாவது நேராக இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர்கள் கழுத்தையா பார்க்கிறார்கள்? நாங்குநேரியிலிருந்து ஒருவர் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கறுப்பாக, பளபளவென்று, ஆம்ப்ளிஃபயர் மாட்டுகிற துளையோடு இருந்த பெரிய கிட்டார்தான் வேண்டும் என்றார். பிள்ளையின் மடியில் வைத்தால் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. "வளர்ந்துக்கிடுவா, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வாங்க முடியுமா?" என்கிறார், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கணக்கில். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, நைலான் கம்பி போட்ட சின்னக் கிட்டாரை அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் போகிற போக்கில் அதை வாசித்துக்கொண்டே போனாள்.

அதைச் சொல்லி என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. நான் செய்த அயோக்கியத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு அயோக்கியத்தனம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஏரலிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிரமிளா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட அவள் புருஷன் அந்தோணி, துறைமுகத்தில் வேலை. அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆறு வருஷமாகத் தற்காலிக டீச்சர்.

"எக்கா, பிள்ளைகளுக்குப் பாட்டு வாசிக்கணும். ரொம்ப வெல போவாம ஒரு கிட்டார் காட்டுங்க. புது கரஸ்பாண்டன்ட் வந்திருக்காவ. பாட்டுக்கு வாசிக்கத் தெரிஞ்ச டீச்சரத்தான் நிரந்தரமாக்குவேன்னு சொல்லுதாவ. மூணு மாசம் டயம். அதுக்குள்ள ஒரு பாட்டு வகுப்பு எடுத்துக் காட்டணும்."

"கீபோர்டுன்னா இன்னும் சுளுவா இருக்குமே" என்றேன்.

"அத ஒரு மேசையில வச்சிட்டு நா ஒரு பக்கம் உக்காந்தா, பிள்ளைக ஒரு பக்கம் ஓடிப்போயிரும்க்கா. கிட்டார்னா அதுக நடுவுலயே தரையில உக்காந்து வாசிக்கலாம்லா?"

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நான் ஒரு பெட்டியை எடுத்துப் பிரிக்கப் போனேன். அந்தோணி தடுத்தார். "பிரிக்காதீங்கக்கா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சாமியார்ட்ட மந்திரிச்சு வாங்கிட்டுத்தான் பிரிக்கணும். எங்க வீட்டுல எது வாங்கினாலும் அப்படித்தான்."

பாதிரியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்குவது கத்தோலிக்கர் வழக்கம். நான் பாளையங்கோட்டைப் புராட்டஸ்டன்ட் சபைக்காரி. சாமானை மந்திரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் அந்த ஆசை எனக்குப் புரிந்தது. "பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப ஒட்டித் தாரேன்" என்று ஒரு தடவை சொன்னேன். அவர் தயங்கினார். அவர் பின்னால் ஆறு பேர் நின்றார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். முதலாளி கல்லாவிலிருந்து புருவத்தைத் தூக்கினார். நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. பெட்டி போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். இடது கை விரல்களில் மூன்றில் பிளாஸ்திரி.

"எக்கா, வெரலு கெட்டியாவதுக்கு எதும் மருந்து இருக்கா?"

ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். கம்பி பட்ட இடம் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, ஒன்று வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"மாஸ்டர் சொல்லுதாரு, செல பேருக்கு வெரலு அமையாதாம். யூடியூப்ல பாத்தா, மொத மூணு மாசம் எல்லாருக்கும் வலிக்கும், பொறுத்துக்கிடுங்கங்கான். எத நம்பன்னு தெரியல."

அந்த மாஸ்டர் அவளுடைய கிட்டாரை ஒரு தடவைகூடத் தன் கையில் வாங்கிப் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அவருக்குத் தனியாக நல்ல கிட்டார் இருக்கிறது. மாணவியின் கிட்டாரை வாங்கி ஒரு கம்பியை அழுத்திப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா? அதைச் செய்ய மனசு வராதவர், விரல் அமையாது என்று ஜோசியம் சொல்ல மட்டும் வந்துவிட்டார். அந்த யூடியூப் ஆட்களும் அப்படித்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு விரல் நுனி கொஞ்சம் நோகும், அது உண்மை. ஆனால் ஒரு கம்பியை அமுக்க மணிக்கட்டோடு முழங்கை வரை நடுங்கினால் அது பழக்கம் போதாததால் வருகிற வலி இல்லை. கிட்டார் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இதை எவனும் சொல்வதில்லை.

நானும் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

"மொத கட்டத்துல அமுக்குதது ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அங்கன அமுக்கவே முடியலக்கா. மேல போகப் போகக் கொஞ்சம் தேவல."

அந்த ஒரு பதில் எனக்குப் போதும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்குமே, அந்த வெள்ளைப் பட்டையில் பள்ளமே சரியாக வெட்டவில்லை. கம்பி அந்தரத்தில் நிற்கிறது. கிட்டாரைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "கொண்டா, சரி பண்ணித் தாரேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. இரண்டு எட்டில் முதலாளி நிற்கிறார். விலை குறைந்த கிட்டாருக்கு அரம் பிடிக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நம் கடைச் சாமானில் கோளாறு என்று நான் வாயால் சொன்னால் இன்னும் எத்தனை பெட்டி திரும்பி வருமோ என்ற பயம் அவருக்கு. அவர் முகம் கோணுமே என்ற பயம் எனக்கு. இழுப்பறையைத் திறந்து, விரலில் மாட்டுகிற ரப்பர் உறை நாலு எடுத்து அவளுக்கு விற்றேன். "போகப் போகச் சரியாயிரும்" என்றும் சொன்னேன்.

நாங்கள் கொடுத்த கிட்டார் அவள் விரலைக் கிழித்தது. கிழிந்த விரலுக்கு உறையும் நாங்களே விற்றோம். இதைவிடக் கேவலமான வியாபாரத்தை நான் செய்ததில்லை.

அதன் பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். பாட்டு வகுப்புக்கு நாலே நாள் இருந்தது. அந்தோணி கிட்டாரைப் பையோடு மேசைமேல் வைத்தார்.

"எக்கா, ஒரே ஒரு வார்த்த உண்மையச் சொல்லுங்க. இவ வெரலு சரியில்லையா, கிட்டாரு சரியில்லையா? நெதம் ரெண்டு மணிக்கூறு உக்காருதா. அழுதுகிட்டே வாசிக்கா. வராதுன்னா சொல்லிருங்க, விட்டுருதோம். இவ படுத பாட்டப் பாக்க முடியல."

 பிரமிளா தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

பையிலிருந்து எடுத்து முதல் கட்டத்தில் அழுத்தினேன். எனக்கே விரல் சுள்ளென்றது. கம்பியின் நடுவில், பன்னிரண்டாம் கட்டத்தில், கம்பிக்குக் கீழே பத்து ரூபாய் நாணயத்தை விட்டுப் பார்த்தேன். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் மூன்றாவதும் நுழைந்தது. ஒன்று நுழைந்து கொஞ்சம் மிச்சம் இருந்தாலே புதியவளுக்குப் போதும். மூன்று மாதம் அவள் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"வெரலு தங்கமா இருக்கு. கெட்டது கிட்டாருதான்" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். "எம்மா ஞானம், அதத் தொடாத. வேற பெட்டி ஒண்ணு எடுத்துக் குடு. இத கம்பெனிக்குத் திருப்பிருவோம்."

அடுத்த பெட்டியிலும் இதே லட்சணம்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பதில் அந்தோணியிடமிருந்து வந்தது. "மாத்த வேண்டாம் அண்ணாச்சி. மந்திரிச்ச பொருளு. தீர்த்தம் பட்டத எப்படித் திருப்பிக் குடுக்க? எங்கம்மா மனசு கேக்காது, எனக்கும் கேக்காது."

"பொறவு என்னதான் செய்யச் சொல்லுதியரு?"

"நான் சரி பண்ணுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"நாலாயிர ரூவா சாமானுக்கு ஒரு மணி நேரம் உக்காந்தா கட வெளங்குமா? நீ தொட்டுக் கெட்டுப்போச்சுன்னா எவன் பொறுப்பு?"

"நாந்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. வேறு எந்தக் கிட்டாரைக் கெடுத்தாலும் பதிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம். இதற்குப் பதில் கிடையாது. நாலு நாளில் அவள் பிழைப்பும் இதில் இருக்கிறது.

கம்பிகளைக் கழற்றி, கிட்டாரின் வயிற்றுப்பக்கம் அவை ஏறி நிற்கிற இன்னொரு வெள்ளைப் பட்டையை உருவி அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். அது நன்றாகப் போயிற்று. பிறகு தலைப்பக்கத்துப் பட்டையின் பள்ளங்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். அரம் ஓர் இழுப்பு கூடினால் கம்பி பலகையில் தட்டி இரையும். ஐந்து கம்பியை ஒழுங்காக இறக்கினேன். அதற்குள் முதலாளி யாரிடமோ, "இவுகளுக்கு இப்ப இதுதான் வேல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபம் அப்படியே அரத்தில் இறங்கிவிட்டது. மிச்சம் இருந்தது மெல்லிய கம்பி. மாட்டித் தட்டினேன். ஈ மாதிரி இரைந்தது.

பிரமிளாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார்.  புதுப் பட்டை கையிருப்பில் இல்லை. வரவழைக்க ஒரு வாரம் ஆகும்.  நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடையைவிட்டு வெளியே போனேன். பக்கத்து மெஸ்ஸில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அங்கே ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா கேட்டு வாங்கி வந்தேன். கூடுதலாகப் போன பள்ளத்தில் அதைத் தூவி, உடனே ஒட்டுகிற பசையை ஒரு சொட்டு விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். இறுகியதும் மறுபடி அரம். இந்தத் தடவை யார் பேசுவதும் என் காதில் விழவில்லை. ஐந்தே இழுப்பு. மாட்டித் தட்டினேன். சுத்தமாகக் கேட்டது.

கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு மூன்று விரலை வைத்து அழுத்தி மெதுவாக மீட்டினாள். ஆறு கம்பியும் பேசின. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு அழுதாள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். கோபம் இருக்கும்போது அரத்தைத் தொடாதீர்கள், என்னைப்போலக் கோபக்காரியாக இருந்தால் எழுந்து வெளியே போங்கள். சீல் உடைக்காத பீஸ் கேட்கிறவரிடம் வாக்குவாதம் வேண்டாம். பிளேடை அவர் கையிலேயே கொடுத்து, டேப்பை அவரையே அறுக்கச் சொல்லுங்கள். தானே பிரித்ததை எவரும் பழசு என்று சொல்ல மாட்டார். மந்திரிக்க வேண்டும் என்றால் பிரித்துச் சரி பார்த்த பிறகு மந்திரிக்கட்டும், சாமியார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பழகத் தொடங்குகிறவருக்கு மெல்லிய கம்பி மாட்டுங்கள். நிறமும் இலவசப் பையும் அப்புறம். விரல் வலிக்கிறது என்று எவராவது வந்தால் விரலைப் பார்க்காதீர்கள், கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதலாளி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆள் வருததுக்கு முந்தி காலையில செஞ்சா செஞ்சுக்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் போகும்வரை நான் அரம் பிடிக்கிற அந்த மூலை மேசையைக் கடக்காமல் எந்த மலிவுக் கிட்டாரும் வெளியே போகவில்லை. நான் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, அந்த மேசைமேல் பொம்மை டிரம் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

பிரமிளா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஐந்தாம் நாள் போன் செய்தாள்.

"வேல கெடைக்கலக்கா. ஒரு கார்டுலருந்து வெரல அடுத்த கார்டுக்கு மாத்துததுக்குள்ள பிள்ளைக பாட்டப் பாடி முடிச்சிட்டுக. நாலு நாள் பத்தல. கீபோர்டு தெரிஞ்ச ஒரு பிள்ளைய எடுத்துக்கிட்டாவ."

 அவளே தொடர்ந்தாள். "ஆனாலும் எக்கா, எங்கையில கோளாறு இல்லன்னு தெரிஞ்சுதுல்லா, அதுவே நிம்மதி. ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

நன்றி! அவளுடைய மூன்று மாதத்தைத் தின்றவளுக்கு நன்றி. அதை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "எனக்கு நன்றி சொல்லாத தாயி. ஒரு மாசத்துல நீ வந்து கையக் காட்டும்போதே கிட்டாருலதான் கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

 

"தெரிஞ்சா அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள மட்டும் கேட்டாள். முதலாளி பக்கத்தில் நின்றார் என்பதை ஒரு காரணம் என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "வைக்கேன்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் நம் கடைப்பக்கம் வரவே இல்லை.